மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தும் தீராத முதுகுவலி: எங்கே சிக்குகிறது, அடுத்து என்ன?

முதலில் பார்த்த டாக்டர் "தசைப்பிடிப்பு" என்கிறார். இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "ஜவ்வு விலகியிருக்கு" என்கிறார். மூன்றாமவர் அதே ஸ்கேனைப் பார்த்து "இந்த வயசுக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார். மாத்திரை, ஊசி, கரண்ட் வைப்பது, பெல்ட், எண்ணெய் போட்டு நீவுவது என எல்லாம் ஒரு சுற்று முடிந்து ஆறு மாதம் ஓடியிருக்கும். ஃபைல் தடித்திருக்கும். வலி மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த நிலையில் இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். 2020இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புப் பகுதி முதுகுவலி இருந்தது, 2050இல் அது 84.3 கோடியாகக் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனிதர்களை அன்றாட வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம்.

வைத்தியம் கேட்கவில்லை என்றால் வழக்கமாக என்ன நடக்கிறது? அதே வைத்தியம் கொஞ்சம் கூட்டித் தரப்படுகிறது. மாத்திரையின் மில்லிகிராம் ஏறுகிறது. பத்து நாள் பிசியோதெரபி இருபது நாளாகிறது. ஆனால் மூன்று மாதம் முறையாகப் பார்த்தும் வலி அசையவில்லை என்றால், கூட்டுவதற்கு முன்னால் ஏன் கேட்கவில்லை என்று பார்த்தாக வேண்டும். காரணம் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் இருக்கும்:

1. நோயைக் கண்டுபிடித்ததே தவறாக இருக்கலாம்.
2. நோய் இன்னது என்று தெரிந்தது சரி. ஆனால் தரப்பட்டது அதற்குப் பலன் தராத வைத்தியமாக இருக்கலாம், அல்லது பலன் தரும் அளவுக்குச் செய்யாமல் பாதியில் நின்றிருக்கலாம்.
3. வலியைத் தொடங்கிவைத்த காயம் ஆறிவிட்டிருக்கலாம். வலியை உணர்த்தும் நரம்பு மண்டலம் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம்.

பலருக்கு இதில் இரண்டு சேர்ந்தே இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன் சில அடிப்படைகள்.

எலும்பு, ஜவ்வு, நரம்பு

இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகள் ஐந்து. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எல்1 முதல் எல்5 வரை எண் போட்டிருப்பது இவற்றுக்குத்தான். அதற்குக் கீழே உள்ள திரிக எலும்பின் முதல் பகுதி எஸ்1. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருப்பது டிஸ்க், நம் பேச்சுவழக்கில் ஜவ்வு. அதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம், உள்ளே கூழ். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு பக்கமும் ஒரு நரம்புவேர் வெளியே வந்து காலை நோக்கிப் போகிறது.

ஆறு வாரத்துக்குள் இருப்பது புதிய வலி. பன்னிரண்டு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட வலி. இந்தக் கணக்கு முக்கியம். புதிய வலி பெரும்பாலானோருக்கு ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்றாகக் குறைந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் கடைசியாகக் கை வைத்தவர் யாரோ, அவருக்கே பேர் கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்தில் குணமான வைத்தியம் நமக்கு ஏன் கேட்கவில்லை என்ற குழப்பத்துக்கு இதுதான் பாதி விடை.

காரணத்தை வைத்துப் பார்த்தால் முதுகுவலி மூன்று வகை. எலும்பு முறிவு, கிருமித் தொற்று, புற்றுநோய், மூட்டு அழற்சி என்று கையால் சுட்டிக்காட்டக்கூடிய காரணம் இருப்பது ஒன்று. நரம்புவேர் அழுந்துவதால் புட்டத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி இரண்டாவது. சியாட்டிகா என்பது இதுதான். மூன்றாவது, இந்த எலும்புதான், இந்தத் தசைதான் என்று எந்தச் சோதனையாலும் உறுதியாகச் சொல்லமுடியாத வலி. முதுகுவலி உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மூன்றாவது வகைதான். காரணம் காட்டமுடியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. இன்றைய சோதனைகளுக்கு அதைப் பிரித்துக் காட்டும் திறன் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படி எடுத்துக்கொள்வது

நாள்பட்ட வலியில் ஆகப் பெரிய குழப்பத்தை உண்டாக்குவது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். வழக்கமான ரிப்போர்ட் ஒன்றில் "எல்4–எல்5, எல்5–எஸ்1 டிஸ்க் டெசிகேஷன்", "டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ்", "தீகல் சாக் இன்டென்ட்டேஷன்", "ஆஸ்டியோஃபைட்ஸ்" என்று வரிசையாக இருக்கும். படிக்கும்போதே கால் நடுங்கும். உடைத்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்:

1. டெசிகேஷன்: டிஸ்க்கில் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது.
2. பல்ஜ்: நார் வளையம் சுற்றிலும் லேசாகப் புடைத்திருக்கிறது.
3. இன்டென்ட்டேஷன்: அந்தப் புடைப்பு, நரம்புகளைச் சுற்றியுள்ள உறையை லேசாகத் தொடுகிறது.
4. ஆஸ்டியோஃபைட்: எலும்பின் ஓரத்தில் வயதோடு வளரும் சிறு துருத்தல்.

இவை வலியே இல்லாதவர்களிடமும் இருக்கின்றன. முதுகுவலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டி ஆராய்ந்த ஒரு தொகுப்பு 2015இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு பல்ஜ். ஐம்பது வயதில் தேய்மானம் 80 சதவீதம், பல்ஜ் 60 சதவீதம். எண்பது வயதில் தேய்மானம் இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்: 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஸ்கேன் வீணா? இல்லை. ஸ்கேனில் தெரிவதும் உடம்பில் தெரிவதும் ஒன்றோடொன்று பொருந்தினால் அது பெரிய சாட்சி. எல்5 நரம்புவேர் அழுந்தியிருந்தால் கால் கட்டைவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். குதிகாலில் நடப்பது சிரமமாகும். எஸ்1 அழுந்தியிருந்தால் நுனிக்காலில் நிற்கும் பலம் குறையும். குதிகாலுக்கு மேலுள்ள நாரைச் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. வலது காலில் வலி, ஸ்கேனில் இடது பக்கம் அழுத்தம் என்றால் அந்த அழுத்தம் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் காலைத் தொட்டுச் சோதிக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லியிருந்தால், அந்த முடிவு இன்னும் முடிவாகவில்லை என்றே நான் சொல்வேன்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. கூழ் உண்மையிலேயே வெளியே பிதுங்கி நரம்பை அழுத்தும் நிலையில்கூட, பலருக்கு அந்தப் பிதுக்கத்தை உடம்பே மெல்லக் கரைத்துவிடுகிறது. நன்றாகவே வெளியே வந்துவிட்ட துண்டுகள்தான் சிறியவற்றைவிட அதிகம் சுருங்குகின்றன.

நோயையே மறுபடி யோசிக்க வேண்டிய இடங்கள்

முதலில் அவசரமானவை. இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது.

1. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் அடக்கமுடியாமை, பிறப்புறுப்பையும் உட்காரும் இடத்தையும் சுற்றி மரத்துப்போவது. தண்டுவடத்தின் கீழே உள்ள நரம்புக்கொத்து முழுவதும் நசுங்குவதன் அடையாளம் இது. அன்றே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம்.
2. காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது, நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழன்றுபோவது.
3. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி. அல்லது முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி.
4. வயதானவர்களுக்கோ நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கோ, லேசாகத் தடுக்கி விழுந்ததும் அல்லது ஒரு குடம் தூக்கியதும் திடீரென்று வரும் கடும் வலி. எலும்பு நொறுங்கியிருக்கலாம்.

இவை இல்லை என்றாலும், வருடக்கணக்கில் "சாதா முதுகுவலி" என்ற பேரில் ஒளிந்துகொள்ளும் ஒரு நோய் இருக்கிறது. முதுகெலும்பு மூட்டு அழற்சி. அதன் முற்றிய வடிவம்தான் ஆங்க்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. வேலை, கல்யாணம் என்று வாழ்க்கை தொடங்கும் இளவயதில் வருவது. கண்டுபிடித்தால் நல்ல வைத்தியம் உள்ளது. ஆனால் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆகின்றன.

அடையாளம் வலியின் போக்கில் இருக்கிறது. சாதாரண முதுகுவலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இது தலைகீழ். பின்னிரவில் மூன்று, நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்து கொஞ்சம் நடந்தால் தணியும். காலையில் முதுகு விறைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகித்தான் இளகும். சின்னச் சின்ன வேலை பார்க்கப் பார்க்க உடம்பு சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தால் அன்றைக்குத்தான் மோசம். நாற்பது வயதுக்கு முன், எந்த அடியும் படாமல், எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் தொடங்கியிருக்கும். வலி ஒருநாள் இடது புட்டத்தில், இன்னொரு நாள் வலது புட்டத்தில் என்று மாறி மாறி வருவதும் உண்டு. கண் சிவந்து வலிப்பது, குதிகால் வலி, சொரியாசிஸ், குடும்பத்தில் இதே நோய் இவற்றில் ஒன்று கூட இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு வழக்கமான இடுப்பு ஸ்கேன் எடுத்தால் நோய் தெரியாமல் போகலாம். ஏனென்றால் அழற்சி தொடங்குவது பெரும்பாலும் திரிக எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில். அந்த மூட்டைத் தனியாகக் குறிப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவே பல வருடம் ஆகும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவு சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று தள்ளிவிடமுடியாது. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை துணைச் சாட்சி மட்டுமே. அந்த மரபணு உள்ள பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பார்க்க வேண்டியது வாத நோய் நிபுணரை, அதாவது ரூமட்டாலஜிஸ்ட்டை.

அடுத்தது முதுகெலும்புக் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, தீராத முதுகுவலியில் இதை நினைக்காமல் விடமுடியாது. இருமல் துளியும் இல்லாமல் வரும். மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, எடைக் குறைவு இருக்கலாம். அதுவும் இல்லாமலும் இருக்கலாம். நடுமுதுகில் ஒரே இடத்தில் நாள்பட்ட வலி, அந்த எலும்பைத் தட்டினால் வலிப்பது கவனிக்க வேண்டியவை. எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கும். வைத்தியம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீளும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். பச்சைப்பால் குடிப்பவர்கள், மாடு ஆடுகளோடு வேலை செய்பவர்கள் என்றால் புருசெல்லோசிஸ் என்ற தொற்றையும் டாக்டர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் சில, சுருக்கமாக: நடந்தால் இரண்டு காலும் கனத்து வலித்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிவிடுவது தண்டுவடக் குழாய் குறுகியதன் அடையாளம். கவட்டையில் வலி, சம்மணம் போடமுடியாமை என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். மாதவிடாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் இடுப்புவலிக்கு மகளிர் மருத்துவர். உடம்பெங்கும் எலும்புவலி, மாடிப்படி ஏறச் சிரமம் என்றால் வைட்டமின் டி குறைபாடு இருக்கலாம்.

இதுவரை பார்த்த வைத்தியம் என்ன? ஒரு கணக்கு

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். நாள்பட்ட இடுப்புவலிக்கு எது செய்யலாம், எது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், சிந்தனை-நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சை, மசாஜ், அழற்சி குறைக்கும் வலிமாத்திரைகள் ஆகியவை செய்யலாம் என்ற பக்கம். பெல்ட், டிராக்‌ஷன் என்ற இழுவை, அல்ட்ராசவுண்ட் வைப்பது, ஓபியம் வகை வலிமருந்துகள் வேண்டாம் என்ற பக்கம். நம் ஊரில் "எல்லா வைத்தியமும் பார்த்தாச்சு" என்பவரின் பட்டியலை எடுத்தால், பெரும்பகுதி இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கும்.

மாத்திரைகளிலும் இதே நிலைதான். புதிய இடுப்புவலிக்கு பாரசிட்டமால், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. நரம்புவலிக்கு என்று வாரி எழுதப்படும் பிரிகாபலின் சியாட்டிகாவில் வெற்று மாத்திரையைவிட உதவவில்லை. தலைசுற்றல்தான் கூடியது என்று 2017 ஆய்வு சொன்னது. அசெக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக் போன்றவை சிலருக்குக் கொஞ்சம் உதவும், அதுவும் குறைந்த நாட்களுக்கு. பேர் வேறாக இருந்தாலும் இவை ஒரே வகை; காலையில் ஒன்று, வலி தாங்காமல் மாலையில் மருந்துக்கடையில் வாங்கிய இன்னொன்று என்று சேர்ந்தால் வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு. மாதக்கணக்கில் எடுப்பவர்கள் ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்த்தே ஆக வேண்டும்.

பேர் எழுதாத பொட்டலத்தில் தரும் பொடியோ, போட்ட மறுநாளே துள்ளி எழவைக்கும் ஊசியோ வாங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சர்க்கரையை ஏற்றும், காசநோயை மறைக்கும், எலும்பை மெலியவைக்கும். முதுகுவலிக்கு வாங்கிய மருந்தே முதுகெலும்பு முறிவில் கொண்டுபோய் விடும்.

பிசியோதெரபி பார்த்தும் கேட்கவில்லை என்பவர்கள், அங்கே என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும். கவிழ்ந்து படுக்கவைத்து இருபது நிமிடம் கரண்ட், ஒத்தடம், கடைசியில் இரண்டு பயிற்சி எழுதிய தாள். பத்து நாளில் முடிந்தது. இது பயிற்சி சிகிச்சை ஆகாது. உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற பயிற்சி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏற்றி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இதைச் செய்துபார்க்காமல் பிசியோ பலிக்கவில்லை என்று முடிவுகட்டுவது அவசரம். யோகா, தசைப்பயிற்சி, நீச்சல், நடை என எந்த வகைப் பயிற்சி என்பதைவிட, விடாமல் செய்வதற்குத்தான் பலன் அதிகம்.

காயம் ஆறியபிறகும் வலி ஏன் நிற்கிறது

வலி காயத்தின் அளவைக் காட்டும் மீட்டர் இல்லை. உடம்பிலிருந்து வரும் சேதிகளைத் தண்டுவடமும் மூளையும் எடைபோட்டு, ஆபத்து இருக்கிறது என்று முடிவுசெய்யும்போது வலி எழுகிறது. வாரக்கணக்கில் சேதி வந்துகொண்டே இருந்தால் அந்தப் பாதை கூர்மையாகிவிடுகிறது. ஒருமுறை திருடன் நுழைந்த வீட்டு நாய், அப்புறம் பால்காரர் வந்தாலும் குரைப்பதுபோல. குரைப்பது நிஜம், ஆபத்துதான் இல்லை. மருத்துவத்தில் இதற்கு இப்போது முறையான இடம் உண்டு. உலக வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இதைத் தனி வகை வலியாக ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலும் நாள்பட்ட வலியைத் தனி நோயாகவே எழுதியிருக்கிறது.

இந்தக் கூர்மையை ஏற்றுபவை எவை என்று தெரியும்: தூக்கக் குறைவு, மனச்சோர்வு, கடன் வேலை குடும்பம் என்று ஓயாத கவலை, "குனிந்தால் போச்சு" என்ற பயம். பயத்தால் அசைவு குறைகிறது. அசையாததால் தசை மெலிகிறது. மெலிந்த தசைக்குச் சின்ன வேலையும் பாரமாகிறது. அது வலியாகித் திரும்ப, பயம் கூடுகிறது.

இதைச் சொல்லும்போதே பலருக்குக் கோபம் வரும்: "எல்லாம் என் மனசுலதான்னு சொல்றீங்களா?" அப்படி யாராவது சொல்லியிருந்தால் அது தவறு, நோயாளியைப் புண்படுத்துவதும்கூட. வலி முழுக்க உண்மை, அது உருவாகும் இடம் நரம்பு மண்டலம். பயமும் தூக்கமும் அந்த நரம்பு மண்டலத்தைத் தொடுகின்றன என்பதால், அவற்றையும் வைத்தியத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சேர்த்தால் பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளி பயப்படும் அசைவுகளையே எடுத்து, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து மெல்ல மாற்றிப் பழக்கினார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஏழு அமர்வுகள் வரைதான். அன்றாட வேலையில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது. முதுகுவலி வந்து சரியான 701 பேரிடம் நடந்த 2024 ஆய்வு இன்னும் எளியது: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வரை படிப்படியாக ஏற்றும் நடை. நடந்தவர்களுக்கு வலி மறுபடி வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

மெதுவாக ஏற்றுவது எப்படி: ஓர் எடுத்துக்காட்டு

துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் நடந்தால் இடுப்பு பிடிக்கிறது. வலி குறைந்த நாளில் விட்டதைப் பிடிக்க வீட்டையே ஒதுங்கவைப்பார். அடுத்த மூன்று நாள் படுக்கை. இந்த ஏற்றமும் சரிவும்தான் அவரைத் தேறவிடாமல் வைத்திருக்கிறது.

1. முதலில் நான்கைந்து நாள், வலி கூடுவதற்கு முன் எவ்வளவு நேரம் நடக்கமுடிகிறது என்று குறித்துக்கொள்கிறார். சராசரி பன்னிரண்டு நிமிடம்.
2. அதைவிடக் குறைவாக, பத்து நிமிடத்தில் தொடங்குகிறார். வலியை வைத்து நிறுத்தாமல், கடிகாரத்தை வைத்து நிறுத்துகிறார்.
3. நல்ல நாளிலும் பத்துதான், மோசமான நாளிலும் பத்துதான். கடினமான விதி இதுவே, பலிப்பதும் இதனால்தான்.
4. வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் ஏற்றுகிறார். இரண்டு மாதத்தில் இருபது நிமிடத்தைத் தாண்டிவிடலாம்.
5. குனிவது, எடை தூக்குவது, தரையில் உட்கார்ந்து எழுவது எல்லாவற்றுக்கும் இதே முறை.

செய்யும்போது வலி லேசாகக் கூடி, மறுநாளுக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாளும் இறங்கவில்லை என்றால் ஒரு படி கீழே வந்து மறுபடி ஏறலாம்.

வேலையிடத்தையும் விட்டுவிடக்கூடாது. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. உட்காரக் கேட்பது இப்போது சலுகை கேட்பதாகாது, சட்டப்படியான உரிமை. பல கடைகளில் இன்னும் இருக்கை இல்லை என்பது வேதனைதான். முதலாளியிடம் பேச டாக்டர் எழுதிய சீட்டு ஒன்று துணையாக இருக்கும்.

ஊசி, ஆபரேஷன் எப்போது?

ஆபரேஷன் நன்றாகப் பலிப்பது காலில் இறங்கும் நரம்புவேர் வலிக்கு, ஸ்கேனும் பரிசோதனையும் பொருந்தி, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்தும் தீராதபோது. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த 2007 ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்குக் கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது. வலி தாங்கமுடியாதவர் சீக்கிரம் செய்துகொள்வதும், தாங்கமுடிந்தவர் காத்திருப்பதும் இரண்டுமே நியாயமான முடிவுகள்.

கால்வலி இல்லாமல் முதுகில் மட்டும் வலி, ஸ்கேனில் தேய்மானம் என்பதற்காக எலும்புகளை இணைக்கும் ஆபரேஷனுக்கு அவசரப்படக்கூடாது. செய்தபிறகும் வலி நீடிப்பதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே வைக்கும் அளவுக்கு அது சகஜம். முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி கால்வலியைச் சில வாரம் தணிக்கலாம். அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் பலன். வெறும் முதுகுவலிக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது

தடித்த ஃபைலுக்கு மேலே ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். வலி எப்போது, எப்படித் தொடங்கியது. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. இரவிலும் காலையிலும் எப்படி. எந்த மருந்து, எத்தனை நாள், என்ன பலன். வலியால் செய்யமுடியாமல் போன மூன்று வேலைகள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. அழற்சி, தொற்று, எலும்பு முறிவு இல்லை என்று எதை வைத்து உறுதியாகச் சொல்கிறோம்?
2. ஸ்கேனில் இருப்பது என் கால் பரிசோதனையோடு பொருந்துகிறதா?
3. இந்த வைத்தியத்தை எத்தனை வாரம் பார்ப்பது? பலிக்கவில்லை என்றால் அடுத்த படி என்ன?
4. எந்த மாத்திரைகளை நிறுத்தலாம்?

வலி பூஜ்யமாவதைக் குறியாக வைத்தால் பலரும் சோர்ந்துபோகிறார்கள். வலி மூன்றில் ஒரு பங்கு குறைவதையே மருத்துவ ஆய்வுகள் நல்ல முன்னேற்றமாகக் கணக்கிடுகின்றன. வலி குறைவதற்கு முன்பே நடையும் தூக்கமும் தேறத் தொடங்குவதும் உண்டு. அதனால் அந்த மூன்று வேலைகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

தனியாரில் ஒவ்வொரு துறையாக அலைய வசதியில்லாதவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல், நரம்பியல், பிசியோதெரபி பிரிவுகள் ஒரே வளாகத்தில் உள்ளன; பெரிய கல்லூரிகளில் வாத நோய்ப் பிரிவும் உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்து கேட்கலாம்.